வினாடி வினாவில் குதிரைச் சுற்று வைப்பது எப்படி

வரலாற்றில் பேர் வாங்கிய குதிரைகளை வைத்து ஒரு சுற்று போட்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கிரிக்கெட் கேள்விக்கு மட்டும் வாய் திறக்கிற அப்பாக்கள்கூடக் கை தூக்குவார்கள். ஆனால் இதில் ஒரு வம்பு உண்டு. ராஜா நிஜம், போர் நிஜம், குதிரை மட்டும் பாதி கதையாக இருக்கும். விடையைச் சொன்ன பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து “இதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டால், மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான். பள்ளிகளிலும் குடியிருப்புச் சங்க ஆண்டு விழாக்களிலும் நடத்தி நடத்தி நான் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

முதல் விதி: “இன்னாருடைய குதிரையின் பெயர் என்ன?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இருப்பதிலேயே மோசமான கேள்வி “நெப்போலியனின் குதிரை எது?” என்பதுதான். அவருடைய லாயத்தில் ஏகப்பட்ட குதிரைகள் இருந்தன. எல்லாரும் சொல்கிற விடை மாரெங்கோ. 1800இல் இத்தாலியில் அவர் வென்ற போரின் பெயர் அது. வாட்டர்லூ போரில் பிடிபட்டு இங்கிலாந்து போய், 1831இல் செத்த ஒரு வெள்ளைக் குதிரையின் எலும்புக்கூடு அந்தப் பெயரோடு லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆனால் நெப்போலியனின் லாயப் பதிவேடுகளில் அப்படி ஒரு பெயர் இல்லை. அதனால் கேள்வியை எலும்புக்கூட்டின் பக்கம் திருப்பிவிடுங்கள்: “நெப்போலியனின் குதிரை என்று சொல்லி லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் எலும்புக்கூட்டுக்கு என்ன பெயர்?” இப்போது விடையை யாரும் அசைக்க முடியாது. கூடுதலாக ஒரு துப்பு வேண்டுமென்றால், அதன் குளம்பு ஒன்றை வெட்டி மூக்குப்பொடி டப்பா செய்தார்கள் என்று சொல்லலாம். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

படக் கேள்விக்கு நெப்போலியனின் இன்னொரு குதிரை இருக்கிறது. துருக்கி சுல்தான் பரிசாகக் கொடுத்த விசிர். பஞ்சடைத்துப் பதப்படுத்திய அதன் உடலைப் பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். முழுக் குதிரையையும் முதலில் காட்டிவிடாதீர்கள். அதன் தொடையில் கிரீடமும் கீழே ‘என்’ என்ற எழுத்துமாகச் சூடு போட்ட முத்திரை இருக்கும். திரையில் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டு, “யாருடைய லாயம்?” என்று கேளுங்கள்.

இரண்டாவது விதி, துப்புகளைத் தூரத்திலிருந்து ஆரம்பித்துக் கிட்டே கொண்டுவருவது. இதற்கு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி வெல்லிங்டன் பிரபுவின் கோபன்ஹேகனைப் போல வசதியான குதிரை வேறில்லை. நான் இப்படிப் போடுவேன்.

முதல் துப்பு: “1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் படைக்கு எதிரே நின்ற ஆங்கிலேய அதிகாரி ஒருவர், பிற்பாடு ஐரோப்பாவில் ஏறிய குதிரை.” இதற்கு அநேகமாக யாரும் கை தூக்கமாட்டார்கள். இரண்டாவது: “டென்மார்க் தலைநகரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது இதன் தாய் அங்கே ஒரு தளபதியைச் சுமந்தது. அடுத்த ஆண்டு, 1808இல், பிறந்த குட்டிக்கு அந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள்.” புவியியல் தெரிந்த பிள்ளை இங்கேயே பிடித்துவிடும். மூன்றாவது: “1815 ஜூன் 18 அன்று நாள் முழுக்க எஜமானரைச் சுமந்தது. ராத்திரி அவர் இறங்கித் தட்டிக்கொடுத்தபோது எட்டி ஓர் உதை விட்டதாம், மயிரிழையில் தப்பினார்.” வாட்டர்லூவில் நெப்போலியனால் முடியாததை அந்த ஒரு உதை முடித்திருக்கும் என்று நான் சொல்வது வழக்கம். இதற்கு எப்போதும் கைதட்டல் உண்டு.

விடை வந்த பிறகு உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கோபன்ஹேகன் 1836இல், 28 வயதில், வெல்லிங்டனின் ஸ்ட்ராட்ஃபீல்ட் சே பண்ணையில் செத்தது. ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். புதைக்கும்போது ஒரு குளம்பை யாரோ வெட்டி எடுத்திருப்பதைப் பார்த்துப் பிரபு கொதித்துப்போனார். மாரெங்கோவின் குளம்பைச் சொன்ன கையோடு இதையும் சொன்னால் கூட்டம் இரண்டையும் மறக்காது.

மூன்றாவது விதி, கதையென்றால் சொன்னவர் பெயரைக் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். தன் நிழலைக் கண்டு மிரண்ட புசெபலஸ் என்ற குதிரையை அலெக்சாண்டர் சூரியனைப் பார்த்துத் திருப்பி அடக்கியது கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதியது. அவர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவர். “புளூட்டார்க் சொல்வதன்படி” என்ற இரண்டு சொற்கள் போதும், தப்பித்துவிடுவீர்கள். இதே குதிரையில் இன்னும் நல்ல கேள்வி, அது செத்த பிறகு அதன் பெயரில் அலெக்சாண்டர் ஒரு நகரம் அமைத்த நதிக்கரை எது என்பது. விடை ஜீலம்.

ராணா பிரதாப்பின் குதிரை சேதக்கும் அப்படித்தான். ஹல்திகாட்டி போர் நடந்த நாள் 1576 ஜூன் 18, அது உறுதி. சேதக் என்ற பெயரும் அதன் கடைசிப் பாய்ச்சலும் பிற்காலப் பாடல்கள் வழியாக வந்தவை. நம் செஞ்சி தேசிங்கு ராஜா கேள்விக்கும் “கதைப்பாடலில்” என்ற சொல் கட்டாயம். 1714இல் ஆற்காட்டு நவாபுடன் மோதி மாண்ட தேஜ் சிங் (தேசிங்கின் நிஜப் பெயர்) வரலாறு. டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கிய சாகசம் கதைப்பாடல். ஊர்ப்பாசத்தில் இரண்டையும் கலந்தால் அந்தப் பெரியவர் மறுபடி எழுந்திருப்பார்.

ரோமப் பேரரசன் கலிகுலா தன் குதிரையை கான்சல் என்ற உயர்பதவியில் அமர்த்தினான் என்று பலர் எழுதுகிறார்கள். அமர்த்தவில்லை. அமர்த்த நினைத்ததாகப் பேச்சு என்றுதான் பழைய ஆசிரியர் சூட்டோனியஸ் சொல்கிறார். பளிங்குத் தொழுவம், தந்தத் தொட்டி என்று வைத்துக் கேளுங்கள், இன்சிடாடஸ் என்ற அந்தக் குதிரையின் பெயர் வந்துவிடும்.

“ஒரே”, “முதல்” என்ற சொற்கள் வந்தால் பேனாவை நிறுத்துங்கள். அமெரிக்கப் படையும் பூர்வகுடிகளும் மோதிய 1876 லிட்டில் பிக் ஹார்ன் போரில் பிழைத்த ஒரே உயிர் கொமான்சி என்ற குதிரை என்பார்கள். போரில் வென்ற லகோட்டா, செயென் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கில் உயிரோடு இருந்தார்களே! அமெரிக்கப் படையிலும் வேறு பிரிவுகளில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அது அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் குதிரையும் இல்லை, கேப்டன் மைல்ஸ் கியோவுடையது. ஆகவே “யாருடைய குதிரை?” என்று கேட்டால் பாதிப் பேர் கஸ்டர் என்பார்கள், சுற்று சூடு பிடிக்கும்.

சிலைக் கேள்வி கட்டாயம் ஒன்று வையுங்கள். முன்னங்கால் இரண்டும் தூக்கியிருந்தால் வீரர் போரில் இறந்தவர் என்ற ‘விதி’யைத் தொடவே வேண்டாம். வாஷிங்டனில் அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் குதிரை இரண்டு காலையும் தூக்கி நிற்கிறது, அவரோ வீட்டில் படுக்கையில் இறந்தவர். அதற்குப் பதில் சென்னைத் தீவுத்திடல் பக்கம் நிற்கும் மன்றோ சிலைப் படத்தைப் போட்டு, குதிரையில் என்னென்ன காணோம் என்று கேளுங்கள். சேணம் இல்லை, அங்கவடி இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், அதே சிற்பி சாண்ட்ரி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜையும் இப்படித்தான் உட்காரவைத்தார் என்று சொல்லுங்கள்.

சமநிலை உடைக்கும் கேள்வியாக நான் கையில் வைத்திருப்பது, பாய்கிற வெள்ளைக் குதிரையில் நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும், பிரெஞ்சு ஓவியர் தாவீதின் ஓவியம். “உண்மையில் அன்றைக்கு எதில் ஏறிப் போனார்?” விடை கோவேறு கழுதை. கழுதை என்று மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண்தான், அதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.