வீட்டு மின் மீட்டரைத் திடீரென்று மாற்ற வந்தால்: நீங்கள் செய்ய வேண்டியவை, படிப்படியாக

காலை பதினொரு மணி. வாசலில் இருவர். ஒருவர் தோளில் ஏணி, இன்னொருவர் கையில் அட்டைப் பெட்டி. "மீட்டர் மாற்ற வந்திருக்கிறோம், மெயினை அணைத்துவிடுங்கள்" என்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் எதைக் குறித்து வைக்கிறீர்களோ, அதுதான் அடுத்த பில்லில் உங்களைக் காப்பாற்றும். பழைய மீட்டர் வண்டியேறிவிட்டால், அதில் கடைசியாக நின்ற எண்ணுக்கு உங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்களுக்காக, குறிப்பாக மீட்டர் பெட்டியை இதுவரை திறந்துகூடப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: வந்திருப்பவர் யார், எதற்காக வந்திருக்கிறார்?

அடையாள அட்டையைக் கேளுங்கள். எந்தப் பிரிவு அலுவலகம், என்ன காரணம் என்று கேளுங்கள். திரை அணைந்துபோனது, எண் நகராமல் நின்றுவிட்டது, முனைகள் கருகியது, சக்கரம் சுற்றும் பழைய மீட்டருக்குப் பதில் மின்னணு மீட்டர் வைப்பது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் பிரிவு அலுவலகத்தையோ மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தையோ (94987 94987) அழைத்து, உங்கள் மின் இணைப்பு எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 163ஆவது பிரிவு, தகுந்த நேரத்தில் வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து மீட்டரைச் சோதிக்கவும் மாற்றவும் அவர்களுக்கு உரிமை தருகிறது. அனுமதி மறுத்தால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து 24 மணி நேரம் கழித்து இணைப்பைத் துண்டிக்கவும் முடியும். அதனால் வாசலை மறித்துச் சண்டை போடுவதில் பயனில்லை. ஆனால் அடையாள அட்டையைப் பார்த்த பிறகு உள்ளே விடுவதில் யாரும் குறை காண முடியாது. கையில் பணம் மட்டும் கொடுக்காதீர்கள். கட்டணம் ஏதாவது உண்டு என்றால் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: கழற்றும் முன் படம் எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு நிமிடம் இருங்கள் அண்ணா, ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

மூன்று படங்கள் வேண்டும். மீட்டரின் வரிசை எண் தெளிவாகத் தெரிய ஒன்று. சீல்கள் அறுபடாமல் இருப்பது தெரிய ஒன்று. மூன்றாவது, திரையில் ஓடும் ரீடிங். மின்னணு மீட்டரின் திரை தேதி, நேரம், வோல்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும். அவசரத்தில் 238 என்ற வோல்ட் அளவைப் படம் எடுத்துவிட்டு ரீடிங் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் கே.டபிள்யூ.எச். என்ற ஆங்கில எழுத்துகள் வரும் வரை பொறுத்திருங்கள். அதுதான் யூனிட்.

சீலின் படம் எதற்கு என்று தோன்றலாம். கழற்றிய மீட்டரைப் பின்னால் சோதிக்கும்போது சீல் உடைந்திருந்தால், அதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எழும். மின் திருட்டு என்று வந்துவிட்டால் அது அதே மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவு வரை போகும் விஷயம்.

திரை அணைந்துபோயிருந்தால், அணைந்த திரையையே படம் எடுங்கள். மீட்டர் பழுதாகி நின்ற காலத்துக்கு, அதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு சொல்கிறது. பழைய பில்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

படி 3: மெயினோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள்

கணினி, ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருப்பதை வேலை செய்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வயரிங் சரியில்லாத வீட்டில், அணைந்ததாக அவர் நம்பும் கம்பியில் இன்வெர்ட்டர் மின்சாரம் வந்து நிற்கக்கூடும். ஏணியில் நிற்பவரின் உயிர் அது.

கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள், வருவது இருவழி மீட்டர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரை மாட்டினால் நீங்கள் அனுப்பும் மின்சாரமும் நீங்கள் செலவழித்ததாகவே பதிவாகக்கூடும்.

படி 4: புது மீட்டரின் தொடக்க எண்

புது மீட்டர் எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்கும் என்றில்லை. சோதனையின்போது ஓடிய இரண்டு மூன்று யூனிட் அதில் இருக்கலாம். அதன் வரிசை எண்ணையும் தொடக்க எண்ணையும் படம் எடுங்கள். பிறகு வெள்ளை அட்டையை (ரீடிங் எடுக்க வருபவர் எண்ணை எழுதிவைக்கும் அட்டை) நீட்டி, மாற்றிய தேதி, பழைய மீட்டரின் முடிவு எண், புது மீட்டரின் வரிசை எண், தொடக்க எண் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், எண்களைப் படித்துப் பார்த்த பிறகே போடுங்கள்.

ஓர் எண் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடைசியாகக் கணக்கெடுத்தபோது ரீடிங் 18,462. கழற்றும்போது 18,640. பழைய மீட்டரில் செலவு 178 யூனிட். புது மீட்டர் 3இல் தொடங்கி, அடுத்த கணக்கெடுப்பில் 150 காட்டுகிறது. அதில் 147. மொத்தம் 325 யூனிட். இப்போது கழற்றிய எண்ணில் உள்ள 6ஐ யாரோ 8 என்று படித்து 18,840 என்று பதிந்துவிட்டால், மொத்தம் 525. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் விலை விகிதமே மாறிவிடும். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். ஆக, ஒரு 6க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு வெறும் 200 யூனிட்டின் விலையோடு நிற்பதில்லை.

படி 5: மின்சாரம் வந்தவுடன்

அவர்கள் கிளம்பும் முன்பே டெஸ்டரை எடுங்கள். பிளக் பாயின்டில் நமக்கு வலப்பக்கத் துளையில் டெஸ்டர் எரிய வேண்டும். மாற்றத்துக்கு முன் வலப்பக்கம் எரிந்தது இப்போது எல்லா அறைகளிலும் இடப்பக்கம் எரிந்தால், பேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் கம்பி) இடம் மாறியிருக்கின்றன. விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். உடனே சொல்லித் திருத்துங்கள். மும்முனை இணைப்பு என்றால் மோட்டாரைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஏறவில்லை என்றால் அது தலைகீழாகச் சுற்றுகிறது.

அன்று மாலை, எல்லா விளக்கும் எரியும் நேரத்தில், மீட்டர் அருகே போய் நில்லுங்கள். கருகல் வாடையோ சடசடப்போ இருந்தால் திருகு சரியாக இறுகவில்லை. கையை வைக்காமல் மெயினை அணைத்துவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். சீல் வைத்த மூடியை நீங்களோ உங்கள் எலெக்ட்ரீஷியனோ திறக்கக் கூடாது.

படி 6: மீட்டர் சரியாக ஓடுகிறதா?

மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 750 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டால், அது சூடேறும் நிமிடத்தில் சுமார் 40 முறை சிமிட்ட வேண்டும். கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. 60, 70 என்று போனால் கவனியுங்கள்.

அடுத்து இஸ்திரிப் பெட்டியையும் கழற்றிவிடுங்கள். கொசுவிரட்டி, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் உட்பட எதுவும் ஓடக் கூடாது. மெயின் மட்டும் போட்டபடி இருக்கட்டும். இப்போது சிமிட்டல் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நிற்கவில்லை. சுவிட்ச் ஒன்றுகூடப் போடாத வீட்டில் அந்தச் சிவப்பு விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று நின்றது, மறுபடி தொடங்கியது. மாடியில் குடியிருக்கும் அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டி சூடேறி அணையும்போதெல்லாம் எங்கள் மீட்டரும் ஓய்ந்தது!

மாடிக்குத் தனி இணைப்பு. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் வயரிங் செய்தவர் இரண்டு வீட்டு நியூட்ரல் கம்பிகளையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். பழைய சக்கர மீட்டர் பேஸ் கம்பியில் போகும் மின்னோட்டத்தை மட்டுமே பார்த்தது. மின்னணு மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் பார்த்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். மின் திருட்டைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு இது. மாடிக்குப் போன மின்சாரம் எங்கள் நியூட்ரல் வழியே திரும்பியதால் எங்கள் கணக்கில் ஏறியது. மீட்டரில் இ.எல். என்று குறித்த இன்னொரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்ததும் இதனால்தான். எலெக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் கம்பிகளைப் பிரித்துவிட்டார், சிமிட்டல் நின்றது. இரண்டு இணைப்பு உள்ள வீடுகளில் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேய்ந்துபோன சக்கர மீட்டர்கள் மெதுவாக ஓடுவது சகஜம். புது மீட்டரில் பில் சற்று ஏறினாலே அது வேகமாக ஓடுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் சிமிட்டலை எண்ணுங்கள்.

படி 7: முதல் பில்லும் புகாரும்

முதல் பில் வந்ததும் இரண்டு மீட்டர்களின் செலவையும் கூட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். படங்களையும் வெள்ளை அட்டையின் நகலையும் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மீட்டரின் மேலேயே சந்தேகம் என்றால் சோதனை மீட்டர் (ஒப்பிடுவதற்காகக் கூடுதலாக வைக்கும் இன்னொரு மீட்டர்) கேளுங்கள். 2024இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, புகார் கொடுத்த ஐந்து நாட்களுக்குள் அதை வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும்.

தவறான பில் என்பதற்காகக் கட்டாமல் விடாதீர்கள், இணைப்பைத் துண்டிக்க அது வழிவிடும். பில் தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம் இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு செலுத்த மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆட்சேபம் என்ற சொல் உங்கள் கடிதத்தில் இருக்கட்டும். அங்கே தீராவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், எடுத்த படங்களை அன்றே வீட்டு உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.