வெள்ளை மாட்டை வெள்ளையாகவே எடுக்க

கேமரா வாங்கிக்கொண்டு என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளை நான் முதலில் ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காங்கேயம் பக்கம் பழையகோட்டை மாட்டுச் சந்தைக்கு வந்துவிடச் சொல்வேன். வெளிச்சக் கணக்கைப் படிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மோடு டயலை 'ஏ' அல்லது 'ஏவி'யில் வையுங்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, நீங்கள் வைப்பீர்கள். ஷட்டர் வேகத்தை, அதாவது எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே விழ வேண்டும் என்பதை, கேமரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் எஃப் 5.6. சரி, இப்போது ஒரு வெள்ளைப் பசுவின் உடம்பு ஃபிரேம் முழுக்க நிறையும்படி ஒரு படம். அப்புறம் ஒரு காரிக் காளையை, அதாவது கறுப்புக் காளையை, அதே மாதிரி. இரண்டையும் திரையில் பாருங்கள். பசு மங்கிப்போய் இருக்கும், காளை வெளிறிப்போய் இருக்கும். ஒருமுறை ஒரு மாணவியின் கேமராவை எட்டிப் பார்த்த மாட்டுக்காரர், "ஏனுங்க அம்மிணி, எங்க வெள்ள மாட்ட மயிலையாட்டம் பண்ணிப்போட்டீங்களே" என்றார். மயிலை என்றால் சாம்பல் கலந்த மாடு. குறையைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு நிறம் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்பைக் கண்டால் கூட்டும். அதைத் திருத்தத்தான் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் இருக்கிறது. வெள்ளைப் பசுவுக்கு +1, காரிக்கு −1 வைத்து மறுபடி எடுங்கள். மாடு அதன் நிறத்தில் வந்து நிற்கும்.

அடுத்தது மயிலைக் காளை. உடம்பு வெளுத்திருக்கும், கழுத்தும் திமிலும் கறுத்திருக்கும். உச்சி வெயிலில் இரண்டு பக்கமும் முழுசாகக் கிடைக்காது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நான் வெள்ளையைத்தான் காப்பாற்றுவேன். அளவுக்கு மீறி வெளுத்துப்போன இடத்தில் மயிர்க்கால் ஒன்றுகூடப் பதிவாகாது, கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் திரும்ப வராது. இருண்ட பகுதியில் ஓரளவு மீட்கலாம், அதுவும் ரா ஃபைலாக, அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ஃபைலாக, எடுத்திருந்தால்.

இந்தக் கணக்கில் கரைகண்டவர் அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ். 1941இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா எழுந்திருந்தது. கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். மீட்டரைத் தேடினார், கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம், அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். இன்னொன்று எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. அந்தப் படத்தைப் பெரிய திரையில் பாருங்கள், செல்போனில் வேண்டாம். நம்மவரில் எம். கிருஷ்ணனின் (1912–1996) கறுப்பு வெள்ளை யானைப் படங்களையும் தேடுங்கள். தமிழிலும் எழுதிய இயற்கையியலாளர் அவர்.

ஷட்டர் வேகத்துக்குப் பவானி. ஜமுக்காளம் நெய்யும் குழித்தறிக் கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி தட்டும், அது பரவாயில்லை. ஒரு நொடியில் 1/500 பங்கில் எடுத்தால், ஊடு நூலோடு ஓடும் நாடா அந்தரத்தில் நிற்கும், நெய்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடும். 1/30க்கு இறக்குங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அழுத்துங்கள். கை கலங்கும், முகம் தெளிவாக நிற்கும். அந்தப் படத்தில்தான் வேலை தெரியும். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் ஓடும் குதிரைக்கு மட்டும் 1/1000.

லென்ஸ் எது வாங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரான்ஸ்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு லைக்கா கேமராவும் 50 எம்எம் லென்ஸும் வைத்துக்கொண்டே உலகத்தைச் சுற்றினார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். பிரெசோன் பார்த்த கோணம் வேண்டுமென்றால், உங்களுடையது சிறிய சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமராவாக இருக்கும் பட்சத்தில் 35 எம்எம் வாங்குங்கள். அதில் 50 மாட்டினால் கோணம் குறுகிவிடும், ஆளைத் தனியாக எடுக்க அது நன்றாக இருக்கும்.

கடைசியாக நிறம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில், வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், வெளிச்சமே மஞ்சள் என்று நினைத்துக்கொண்டு கேமரா நீலத்தைக் கலந்துவிடும். வெளியில் கொட்டிவைத்த குவியலுக்குச் சூரியப் படம் போட்ட செட்டிங். குடோனுக்குள் டியூப்லைட் என்றால் ஒரு வெள்ளைத்தாளைக் காட்டி கஸ்டம் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முந்தின நாள் ரகுபீர் சிங்கின் படங்களைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைதான் கலை என்று பலரும் நினைத்த காலத்தில் இந்தியாவை வண்ணத்தில் எடுத்தவர் அவர். மண்டிக்குள் எக்காரணம் கொண்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள். மஞ்சள் தூசி சென்சாரில் ஒட்டினால் ஒவ்வொரு படத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.