புது ஹெட்ஃபோனை 'பர்ன்-இன்' செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஹெட்ஃபோனின் சவுண்ட் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் உடனே ஒரு அறிவுரை வரும்: "பர்ன்-இன் பண்ணுங்க, நூறு மணி நேரம் ஓடட்டும், அப்புறம் கேட்டுப் பாருங்க." ஓட ஓட உள்ளே இருக்கும் பாகங்கள் தளர்ந்து சவுண்ட் நன்றாகிவிடும் என்பதுதான் இந்த 'பர்ன்-இன்' நம்பிக்கை. இதை நம்பிக் காத்திருப்பதுதான் காசு போகும் தவறு. தினமும் 8 மணி நேரம் ஓடவிட்டாலும் 100 மணி நேரம் முடியப் பன்னிரண்டு நாளைத் தாண்டிவிடும். ஆன்லைனில் வாங்கும் பல பொருள்களை மாற்றித் தரும் கெடுவோ 7 நாள், 10 நாள். ஒரு பக்கம் சத்தம் குறைவு, பாஸ் (கனமான, தாழ்ந்த ஒலி) வரும்போது கரகரப்பு போன்றவை எத்தனை மணி நேரம் ஓடினாலும் சரியாகாது. முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்த நம்பிக்கை ஆதாரமே இல்லாமல் வந்ததில்லை. பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான வூஃபரில் கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் 'ஸ்பைடர்' என்ற துணி வளையமும் ஓரத்து ரப்பரும் புதிதில் விறைப்பாக இருக்கும். ஓட ஓடக் கொஞ்சம் தளரும், அதை அளந்தும் காட்டலாம். சாதாரண டைனமிக் ஹெட்ஃபோனில் ஸ்பைடரே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய கம்பிச்சுருள், பின்னால் காந்தம், அவ்வளவுதான். இவை சேர்ந்ததைத்தான் டிரைவர் என்பார்கள். படலம் அசைவதும் மிகக் குறைந்த தூரம். தளர்வதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

ஹெட்ஃபோன்களை அளந்து விமர்சிக்கும் இன்னர்ஃபிடெலிட்டி இணையதளத்தை நடத்திய டில் ஹெர்ட்சன்ஸ் என்ற அமெரிக்கர் ஏகேஜி க்யூ701 ஹெட்ஃபோனைப் புதிதாக எடுத்து, ஓடவிட்டு, திரும்பத் திரும்ப அளந்தார். மாற்றம் தெரிந்தது, ஆனால் மிகச் சிறியது. அளக்கும்போது ஹெட்ஃபோன் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

அப்படியானால் "இரண்டு வாரத்தில் பாஸ் நன்றாக வந்துவிட்டது" என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெரும்பாலும் மாறியது காதைச் சுற்றி இருக்கும் குஷன். புது குஷன் விறைப்பாக இருக்கும், கன்னத்தோடு சரியாகப் படியாது, இடைவெளி வழியே பாஸ் கசியும். பழகப் பழக அமுங்கி, இடைவெளி அடைபடும். இதை டிரைவரின் கணக்கில் எழுதுவது அடுத்த தவறு. கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேட்டாலே இது புரிந்துவிடும். இயர்ஃபோன் என்றால் கூட வரும் ரப்பர் டிப்களில் எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள். பாஸே இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் இயர்ஃபோன்களில் பலவற்றுக்கு டிப் அளவை மாற்றினாலே போதும் என்பது என் எண்ணம்.

மாறும் இன்னொன்று மூளை. புது சவுண்டுக்கு அது பழகிக்கொள்கிறது. பழகிய பின் வரும் ரசனை உண்மையானது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் போன வாரம் கேட்டதை நினைவில் வைத்து இன்றைக்குக் கேட்பதோடு ஒப்பிட முடியாது. ஒலியின் நுணுக்கம் நினைவில் நிற்பது சில நொடிகள்தான். நண்பரின் பழைய ஹெட்ஃபோனையும் உங்கள் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்பதும் சோதனை ஆகாது. ஒரே மாடலிலேயே இரண்டு பீஸுக்கு இடையே வேறுபாடு இருக்கும், அவருடைய குஷன் தேய்ந்தும் இருக்கும். வால்யூமைச் சமமாக வைக்காமல் ஒப்பிட்டால் சற்றுச் சத்தமாக இருப்பதுதான் ஜெயிக்கும். வயர்லெஸ் என்றால் அப்டேட் ஏதாவது வந்து ஈக்வலைசர் மாறியிருக்கிறதா என்று முதலில் ஆப்பில் பாருங்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, 'சீக்கிரம் தளரட்டும்' என்று வால்யூமை முழுதாக ஏற்றுவது. கழற்றி வைத்திருந்தால் டிரைவர் கெடலாம், மாட்டிக்கொண்டிருந்தால் காது கெடும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை. சத்தம் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும்.