‘அ’வா, ‘தி’யா: முதலில் நம் தமிழைக் கேளுங்கள்

திருகோணமலையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் மிகுதியாக வட்டமிடுவது, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘அ’ (a), ‘அன்’ (an), ‘தி’ (the) என்னும் மூன்று ஆர்ட்டிக்கிள்களும் விடுபட்டோ இடம்மாறியோ நிற்கும் இடங்களைத்தான். தமிழில் இவை இல்லை என்று சொல்லி விதிகளை மனப்பாடம் செய்ய வைப்பது வழக்கம். அதற்கு முன், நாம் நாள்தோறும் பேசும் தமிழிலேயே இருக்கும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

சந்தையிலிருந்து திரும்பியவர் “மீன் வாங்கினேன்” என்றால், அது எந்த மீன் என்று கேட்பவருக்குத் தெரியாது. “மீனை வாங்கினேன்” என்றால், காலையில் வீட்டில் பேசிக்கொண்ட அந்தப் பாரை மீனையே அவர் சொல்கிறார் என்பது விளங்கிவிடும். இவ்வாறு அஃறிணைப் பெயரோடு ‘ஐ’ உருபு சேரும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘தி’ வரும். உருபு இல்லாத இடத்தில், பொருள் எண்ணக்கூடிய ஒன்றாயின் ‘அ’ வரும். தண்ணீர், சோறு போல எண்ண முடியாததாயின் எதுவும் வராது. ‘ஒரு’ முன்னே நின்றால், உருபு இருந்தாலும் ‘அ’தான்: “ஒரு வைத்தியரைப் பார்த்தேன்” என்பதில் உயர்திணை என்பதால் ‘ஐ’ கட்டாயமாக வருகிறதேயன்றி, எந்த வைத்தியர் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருப்பதால் அன்று.

எழுவாயில் இந்த உருபு உதவாது. அங்கே, கேட்பவர் “எது?” என்று திருப்பிக் கேட்பாரா என்று எண்ணிப் பாருங்கள். “ஒரு வள்ளம் கரைக்கு வந்தது” என்று தொடங்கும்போது கேட்பார், ஆகவே ‘அ’. அடுத்த வாக்கியத்தில் அதே வள்ளத்தைச் சொல்லும்போது கேட்கமாட்டார், ஆகவே ‘தி’. திருகோணமலையில் நின்றுகொண்டு துறைமுகம் என்றால் எவரும் “எது?” என்று கேட்பதில்லை, முதல் தடவையே ‘தி ஹாபர்’ என்று எழுதலாம்.

‘அ’, ‘அன்’ இரண்டுக்கும் இடையே தெரிவு செய்யத் தமிழ் எழுத்தே போதும், ஏனெனில் ஆங்கிலம் இங்கே பார்ப்பது எழுத்தையன்று, ஒலியை. அடுத்த சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘அவர்’ (hour), ‘ஒனஸ்ட்’, ‘எம்.பி.’ என உயிரெழுத்தில் தொடங்கினால் ‘அன்’. ‘ஹவுஸ்’, ‘யூனிவர்சிட்டி’, ‘வண்வே’ என உயிர்மெய்யில் தொடங்கினால் ‘அ’. ஓர் ஆறு, ஒரு மலை என்று பிரித்து எழுதப் பழகிய கைக்கு இது புதிதன்று.

இடப்பெயர்களில் மட்டும் சிறிது மனனம் வேண்டும். ஆறு, சமுத்திரம் ஆகியவற்றின் பெயர்களுக்கு ‘தி’ உண்டு: ‘தி மகாவலி’, ‘தி இந்தியன் ஓஷன்’. தனித்தீவுக்கும் கோட்டைக்கும் பொதுவாக இல்லை. ‘பிஜன் ஐலண்ட்’, ‘ஃபோர்ட் பிரெட்ரிக்’ என்றே எழுத வேண்டும். மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடா ‘தி’ இல்லாமல் ‘கொட்டியார் பே’ ஆகிறது. ஆனால் அதற்கு வெளியே விரியும் வங்காள விரிகுடாவோ, பெயரின் நடுவே ‘ஒஃப்’ வருவதால், ‘தி பே ஒஃப் பெங்கால்’ என்றே எழுதப்படும்.