ஷாபி அலோன்சோவைப் பற்றி எழுதப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து பற்றித் தமிழில் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது சில வருடங்களாக என் வேலை. ஜெர்மனியின் லெவர்குசன் அணி 2023-24-ல் லீக் பட்டம் வென்ற பிறகு, அப்போது அதன் பயிற்சியாளராக இருந்த முன்னாள் ஸ்பெயின் வீரர் ஷாபி அலோன்சோ பற்றி நிறைய வருகிறது. ஒற்றுப்பிழை, தேதிப்பிழையை யாரும் திருத்திவிடலாம். நான் விழுந்த குழியிலேயே அவர்களும் வரிசையாக விழுவதைத்தான் பார்க்க முடியவில்லை.

சாவியும் ஷாபியும்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது, அதுவும் என் மேலேயே. 2017-ல் அலோன்சோ ஓய்வு பெற்றபோது ஒரு பத்திரிகைக்கு முழுப்பக்கக் கட்டுரை எழுதினேன். தலைப்பு 'ஸ்பெயினின் சாவி'. எதிரணியின் பூட்டைத் திறப்பவராம்! அந்தச் சிலேடையில் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன். உள்ளே, ஸ்பெயினுக்காக 133 ஆட்டங்கள் என்று போட்டிருந்தேன். அலோன்சோ ஆடியது 114. அந்த 133, பார்சிலோனாவின் சாவி எர்னாண்டஸுடைய கணக்கு. ஒரு வாசகர் அஞ்சலட்டையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஐயா, சாவி வேறு பூட்டுக்குப் போய்விட்டது." அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்தப் பத்திரிகையிலிருந்து எனக்கு அழைப்பே இல்லை.

குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. இருவரும் நடுக்களம், இருவரும் பிறகு பயிற்சியாளர்கள். சாவி 2022-23-ல் பார்சிலோனாவுக்கு ஸ்பெயின் லீக்கான லா லிகாவை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசனில் ஷாபி லெவர்குசனுக்கு ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகா. பெயரின் வேரும் ஒன்றுதான். தொலோசாவில் பிறந்த அலோன்சோவுக்கு அது பாஸ்க் மொழி வடிவம், தெராசாவில் பிறந்த சாவிக்குக் கட்டலான் மொழி வடிவம். ஸ்பானிஷ் வாயில் ப-வும் வ-வும் ஒன்றாகவே ஒலிக்கும் என்பதால், வர்ணனையைக் காதால் கேட்டு எழுதினால் தப்பு நிச்சயம். பாஸ்க் உச்சரிப்பை ஒட்டி நான் 'ஷாபி' என்றே எழுதுகிறேன். 'சாபி' என்று எழுதினால் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் கண் ஏமாறும்.

2010 உலகக் கோப்பை இறுதியில் இருவரும் சேர்ந்து ஆடியதால், சோதனையே அங்கேதான். 28-வது நிமிடம் நெதர்லாந்தின் டி யோங்கின் பூட்ஸ் பதிந்தது அலோன்சோவின் நெஞ்சில். நடுவர் ஹோவர்டு வெப் காட்டியது மஞ்சள் அட்டை மட்டும். 87-வது நிமிடம் அலோன்சோ வெளியேற, ஃபாப்ரிகாஸ் உள்ளே வந்தார். 116-வது நிமிடம் இனியெஸ்டா கோல் போட்டபோது களத்தில் இருந்தது சாவி. ஆனால் எனக்கு வரும் கட்டுரைகளில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அலோன்சோ இனியெஸ்டாவுக்குப் பந்து கொடுக்கிறார்! கொடுத்தவர் ஃபாப்ரிகாஸ். 14 என்றால் ஷாபி, 8 என்றால் சாவி: ஸ்பெயின் சட்டை எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒட்டிக்கொள்ளுங்கள்.

இஸ்தான்புல் 'பெனால்டி'

இஸ்தான்புலில் நடந்த 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூலின் மூன்றாவது கோலை அலோன்சோ 'பெனால்டியில் அடித்தார்' என்று எழுதாதீர்கள். பெனால்டியை மிலான் கோல்கீப்பர் டிடா தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை இடது காலால் வலைக்கூரையில் ஏற்றினார் அலோன்சோ. ஆட்டத்தின் அழகே அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது, அதையா விடுவது?

லிஸ்பன் 2014

ரியல் மாட்ரிட் வென்ற அந்தச் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அலோன்சோ ஆடவில்லை. ஆடத் தடை. சக வீரர் பேல் கோல் போட்டதும் கோட்டு சூட்டோடு கீழே ஓடி வந்தவர் அவர்தான்.

'தோல்வியே காணாத லெவர்குசன்'

புண்டஸ்லிகாவில் என்று சேருங்கள். 2023-24-ல் அங்கே 28 வெற்றி, 6 டிரா, தோல்வி இல்லை. ஆனால் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 51 ஆட்டம் தோற்காமல் வந்த அணி, டப்ளினில் யூரோப்பா லீக் இறுதியில் இத்தாலியின் அடலாண்டாவிடம் 0-3 தோற்றது. மூன்றும் அந்த அணியின் லுக்மன் போட்ட கோல்கள். மூன்றே நாளில் ஜெர்மன் கோப்பையை வென்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'வந்தார், வென்றார்'

ஓய்வுக்கும் லெவர்குசனுக்கும் நடுவில் ஐந்து வருடம் இருக்கிறது. பாதிப் பேர் அதை ஒரு கமாவில் தாண்டிவிடுகிறார்கள். முதலில் ரியல் மாட்ரிட்டின் சிறுவர் அணி. அப்புறம் 2019 முதல் மூன்று வருடம், தான் வளர்ந்த ரியல் சோசியதாதின் 'பி' அணி. 2021-ல் அதை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். 1962-க்குப் பிறகு அந்த அணி அங்கே ஆடவே இல்லை. 2022-ல் அதே அணி அவர் கையிலேயே கீழே இறங்கியது. அந்த அக்டோபரில்தான், 18 அணிகளில் 17-வதாக நின்ற லெவர்குசன் அவரைக் கூப்பிட்டது.