ஒரே இடம், ஒரே லென்ஸ்: தன் படங்கள் தேறவில்லை என்று நினைப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி, கார்டு நிறையும் வரை எடுத்துத் தள்ளி, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்ததும் "ச்சே, ஒண்ணுகூடத் தேறலையே" என்று மூடி வைத்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி மூடி வைத்த பிறகு சிலர் புது லென்ஸ் விலை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள், சிலர் மாசக்கணக்கில் கேமராவைத் தொடவே மாட்டார்கள். இரண்டுமே வேண்டாம். நடப்பது இதுதான்: நீங்கள் இன்றைக்குக் காலையில் எடுத்த ஒரு படத்தை, யாரோ ஒருவர் இருபது வருடம் அலைந்து எடுத்து அதில் பொறுக்கி வைத்த ஒரு படத்தோடு வைத்துப் பார்க்கிறீர்கள். அந்தப் போட்டியில் யாராலும் ஜெயிக்க முடியாது. உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைக்க உங்களுடைய வேறு படங்கள்தான் வேண்டும், அதுவும் ஒரே இடத்தில் ஒரே விஷயத்தைச் சுற்றி எடுத்தவை. முப்பது நாற்பது அப்படிச் சேர்ந்துவிட்டால் மனசு கேட்கிற கேள்வியே மாறிவிடும். "நான் நல்லா எடுக்கிறேனா" என்பது போய் "இதில் இன்னும் என்ன குறைகிறது" என்று வரும். முதல் கேள்விக்கு எவ்வளவு யோசித்தாலும் பதில் வராது. இரண்டாவதற்கு நாளைக் காலையிலேயே போய்ப் பதில் தேடலாம்.

எனக்கு ஊர் மதுரை, அதனால் உதாரணமெல்லாம் மதுரையிலிருந்தே வரும். உங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே போவது

முதல் விதி, நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்ச் சேருகிற இடமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது, விடுமுறை போடாமல், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் போக முடிகிற இடம். கொடைக்கானலும் ராமேஸ்வரமும் அழகுதான், ஆனால் வருடத்துக்கு ஒரு முறை போகிற இடத்தில் உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்ததையேதான் எடுப்பீர்கள், ஏனென்றால் அந்த இடத்தை உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, திருவிழாவில் ஆரம்பிக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்குவதையும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையும் எடுக்க எங்கெங்கிருந்தோ பெரிய பெரிய லென்ஸோடு ஆட்கள் வருகிறார்கள், பாஸ் வாங்கி நல்ல இடத்தில் நிற்கிறார்கள். நீங்கள் கூட்டத்தில் நசுங்கி, முன்னால் நிற்பவரின் போன் திரையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்து, அன்று ராத்திரியே இணையத்தில் அவர்கள் படத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? தன்மேல் சந்தேகம் வர அதைவிடச் சுலபமான வழி இல்லை. அதே வைகையை மறுநாள் காலையில் போய் எடுங்கள். ஆற்றில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பீய்ச்சும் தோல் பை, கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள், பந்தல் பிரிக்கிறவர்கள் என்று ஆற்றுக்குள்ளேயே அரை நாள் ஓடிவிடும். லென்ஸை வைத்துக்கொண்டு இடித்துத் தள்ள ஆளே இருக்காது.

இடம் சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். செக் நாட்டுப் பிராக் நகரில் யோசஃப் சூடெக் என்று ஒரு புகைப்படக்காரர், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், 1940-இலிருந்து 1954 வரை தன் ஸ்டூடியோ ஜன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் படிந்த ஈரம், வெளியே நிற்கும் கோணல் மரம், ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர். அமெரிக்காவில் நிக்கோலஸ் நிக்சன் 1975-இல் தொடங்கி மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வருடத்துக்கு ஒரு படம் என்று நாற்பது வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டே வந்தார், நால்வரும் எப்போதும் அதே வரிசையில் நிற்பார்கள். அதில் ஒரே ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு நல்ல குடும்பப் படம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

நம்ம ஊரிலும் இது புதுசில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு ஒரு படத்துக்குள் அடங்காது என்பதால் சுவர் ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து 21 படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒரு படத்தில் அடங்கவில்லையா, அடுத்ததை எடு. எனக்கு இது ரொம்பப் பிடித்த வேலைமுறை.

பூ மார்க்கெட்டை வைத்து ஒரு பாடம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் படம் எடுக்கிறவருக்கு வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அங்கே ஒரே கூரைக்கடியில் கிடைக்கும்.

விடிவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு டீயைக் குடித்துவிட்டுச் சுற்றி வாருங்கள். மூட்டை எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்தக் கடைக்கு மேல் எந்த விளக்கு, வெளிச்சம் வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வரும், சுமை தூக்குகிறவர்கள் எந்த வழியாக ஓடுகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் வழியில் மட்டும் நிற்கக் கூடாது. முதுகில் மூட்டையோடு வருகிறவருக்கு உங்களைச் சுற்றிப் போக நேரமில்லை.

இப்போது விளக்கு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை (படம் பதிவாகும் நேரத்தை) நொடியில் 1/500 பங்கு என்று வைத்து எடுத்தால் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை விழும், அல்லது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் வரும். கேமரா கெட்டுப்போச்சு என்று பலர் பயந்துவிடுகிறார்கள். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், பட்டை போய்விடும். அந்த வேகத்தில் ஓடுகிற ஆள் கலங்கித்தான் தெரிவார். அதையே பயன்படுத்துங்கள்: பூ கட்டுகிற அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்க, பின்னால் மூட்டைகள் கோடாக ஓடட்டும்.

அடுத்தது மல்லி. மதுரை மல்லிக்கு 2013-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் கேமராவுக்கு அந்த மரியாதை தெரியாது. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே முயலும். குவித்து வைத்த மொக்கு முழுத் திரையையும் அடைத்தால் "அய்யோ, வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைத்து, பளிச்சென்ற மல்லியை அழுக்கு வேட்டி நிறத்தில் தரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா முடிவு செய்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கிற வசதியை, +1 பக்கம் தள்ளுங்கள். போன் என்றால் மல்லிமேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வருகிற சின்னச் சூரியனை மேலே இழுங்கள். எதிர்ப்பக்கம், இருட்டுக் கடையில் ஒற்றை பல்புக்குக் கீழே ஒருவர் கணக்கு எழுதுகிறார் என்றால் -1. இந்த ஒரு விஷயம் கைக்குப் பழகிவிட்டாலே "என் படம் ஏன் செத்த மாதிரி இருக்கு" என்ற குறை பெருமளவு தீர்ந்துவிடும். முடிந்தால் ரா ஃபைலாகவே, அதாவது கேமரா தானே திருத்தாத மூலப் பதிவாகவே, எடுத்து வையுங்கள். ஒரு கடையில் மஞ்சள் விளக்கு, அடுத்த கடையில் நீல விளக்கு என்று இருக்கிற இடத்தில் நிறத்தைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம்.

லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். ஆனால் அதை 35 மி.மீ.-இல் நிறுத்தி, ஜூம் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒட்டியதும் கால் நகர ஆரம்பிக்கும். கிட்டே போக வேண்டும் என்றால் நீங்கள்தான் போக வேண்டும், போனால் பேச வேண்டி வரும், பேசினால் படம் மாறும்.

பேசுவதைப் பற்றி. "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள், ஆனால் உடனே நிமிர்ந்து விறைப்பாக நின்றுவிடுவார்கள். அந்தப் படத்தையும் எடுங்கள், அவருக்குக் காட்டுங்கள். அப்புறம் அங்கேயே நில்லுங்கள். சரக்கு வந்ததும் அவர் உங்களை மறந்துவிடுவார். நீங்கள் எடுக்க வந்தது அப்போதுதான் தொடங்குகிறது: ஈரச் சாக்கை அவிழ்க்கிற விரல், எடை போடும்போது தட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பதும் திரும்பப் போடுவதும், கனகாம்பரம் ஒட்டிக்கொண்ட முழங்கை. வேண்டாம் என்று சொன்னால் "சரிண்ணே" என்று நகர்ந்துவிட வேண்டும், தூரத்தில் போய் நின்று திருட்டுத்தனமாக எடுக்கக் கூடாது. குழந்தைகளை எடுக்க அம்மாவையோ அப்பாவையோ கேளுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் இன்னும் கூடுதல் கவனம், ஒருவர் முகம் சுளித்தாலே போதும், கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018-இலிருந்து செல்போனுக்கே அனுமதி இல்லை, அங்கே தகராறு செய்யாதீர்கள். கோயிலைச் சுற்றி ஓடும் வீதிகளே ஒரு வருடத்துக்குப் போதும்.

வேலை நாளில்

ஞாயிறு மட்டும் எடுத்தால் ஒவ்வொரு ஞாயிறும் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. வாரநாளில் பத்து நிமிடம் போனில் எடுங்கள். ஒரு பஸ் ஸ்டாப், ஒரு டீக்கடை பெஞ்சு, எதிர் வீட்டுச் சுவரில் விழும் வேப்பமர நிழல், எதுவானாலும் சரி, தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று. எதுவும் சுவாரசியமாக இல்லாத நாளிலும் எடுத்துவிடுங்கள். பிறகு வரிசையாகப் பார்க்கும்போது அந்தச் சப்பை நாள்கள்தான் மற்ற நாள்களுக்கு அர்த்தம் தரும், பஸ் ஸ்டாப்பில் யாருமே இல்லாத படம் இருந்தால்தான் தேர்தல் சுவரொட்டியும் மழையும் ஸ்கூல் திறந்த நாளும் கண்ணுக்குப் பிடிபடும்.

சந்தேகம் வரும்போது

வரும். நிறைய எடுத்தவர்களுக்கும் வருகிறது. அதைத் துரத்தப் பார்க்காமல், எந்த நேரத்தில் அதற்கு வேலை கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்யுங்கள்.

எடுத்த அன்றே படத்தைத் தேர்வு செய்யாதீர்கள், இது ரொம்ப முக்கியம். காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, ஒரு வாரம் திறக்காதீர்கள். எடுத்த அன்று உங்களுக்குப் படம் தெரியாது, காலையில் எழுந்த கஷ்டமும் அந்த இடத்து வாசமும் அந்த அண்ணன் பேசின பேச்சும்தான் தெரியும். படத்தில் அதெல்லாம் இல்லையே என்று ஏமாற்றமாக இருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படத்தில் இருப்பது தெரியும். எதையும் அழிக்காதீர்கள், அப்பட்டமாகக் கலங்கியதையும் இருண்டதையும் தவிர. தேறாது என்று ஒதுக்கியது, ஆறு மாதம் கழித்து வேறு ஒரு படத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது எழுந்து உட்காரும்.

அப்புறம் பிரிண்ட். மாதம் ஒரு முறை லேபில் கொடுத்து நாலுக்கு ஆறு சைஸில் இருபது போடுங்கள். பளபளப்பில்லாத மேட் பேப்பர் கேளுங்கள், கைரேகை படியாது. தரையில் எல்லாவற்றையும் பரப்பி, நின்றுகொண்டே பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். எல்லாமே ஆள் உயரத்தில், நடுத்தூரத்தில் எடுத்ததாக இருக்கிறதா? அதுதான் குறை, அடுத்த வாரம் குந்தி உட்கார்ந்து எடுங்கள், கையை மட்டும் எடுங்கள், மாடியிலிருந்து முழு மார்க்கெட்டையும் எடுங்கள். எல்லாப் படத்திலும் முதுகுதான் இருக்கிறதா? அடுத்த தடவை பேசிவிட்டு எடுங்கள். திறமை இருக்கா இல்லையா என்று மோட்டுவளையைப் பார்த்து யோசித்தால் இந்தப் பட்டியல் கிடைக்காது.

லைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் போடுவதை நான் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் ஒரே இடத்தை வைத்து ஒரு படத்தொடர் எடுத்துக்கொண்டிருக்கும்போது அதிலிருந்து படம் போடாதீர்கள். சூரிய அஸ்தமனத்துக்கு விழுகிற லைக், ஈரச் சாக்குக்கு விழாது. இரண்டு தடவை அப்படி ஆனால் உங்கள் கால் தானாகவே தெப்பக்குளத்துப் பக்கம் சூரியனைத் தேடிப் போய்விடும், மார்க்கெட் பாதியில் நின்றுவிடும். அதற்குப் பதிலாக, உங்கள்மேல் அக்கறை உள்ள இரண்டு பேரிடம் பிரிண்டுகளைக் கையில் கொடுங்கள், ஒருவர் படம் எடுக்கிறவர், இன்னொருவர் எடுக்காதவர். "நல்லா இருக்கா" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதில் அஞ்சை நீக்கிடணும்னா எதை நீக்குவீங்க" என்று கேளுங்கள். நீக்கும்போது எந்தப் படத்தில் கை தயங்குகிறது என்று கவனியுங்கள்.

முடிப்பதற்கு ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். பூ மார்க்கெட் என்றால் ஒரு வருடம் சரியாக இருக்கும், ஏனென்றால் ஐப்பசி மழையில் வருகிற மார்க்கெட் வேறு, தை முகூர்த்தத்தில் வருகிறது வேறு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் செவ்வந்தியில் கால் வைக்க இடம் இருக்காது. கடைசியில் பதினைந்து இருபது படம் நிற்கும். அதை ஒரு சின்ன ஆல்பமாகப் போட்டுக்கொண்டு, கூடவே படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பிரிண்ட்டைத் தனித்தனிக் கவரில் போட்டு, வியாபாரம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். கவரின் பின்னால் கடை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேடுவது கஷ்டம். ஒருவர் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வரலாம், பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும்.