பழைய ராடை வைத்து ஆர்எக்ஸ் 100 எஞ்சின் கட்டாதீர்கள்

போன மாதம் மட்டும் மூன்று பையன்கள் யமஹா ஆர்எக்ஸ் 100 எஞ்சினைப் பிரித்து, கோணிப்பையில் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். மூவரும் செய்திருந்தது, இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே வேலை. கேஸ்கெட் புதுசாகப் போடுங்கள், டூ-டி ஆயிலைக் குறைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கனெக்டிங் ராடு

பிஸ்டனையும் க்ராங்கையும் (எஞ்சினின் சுழல் தண்டு) இணைக்கும் தண்டுதான் இந்த ராடு. ஆர்எக்ஸ் 100, 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. மீட்டர் என்ன காட்டினாலும், இன்று கைக்கு வருவது நிறைய ஓடிய எஞ்சின்தான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போரிங் போடுகிறார்கள், புது பிஸ்டன் மாட்டுகிறார்கள், கலவையும் புகையும் போகும் போர்ட்டை ராவுகிறார்கள், எக்ஸ்பான்ஷன் சேம்பர் (வேகத்துக்கான சைலன்சர்) வாங்குகிறார்கள். க்ராங்கை மட்டும் பெட்ரோலில் கழுவி அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "ராடு ஆடவே இல்லீங்ணா."

பக்கவாட்டில் ராடு கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். மேலும் கீழும் இழுத்தால்தான் 'டொக்' என்று துளியும் தட்டக் கூடாது. தட்டாவிட்டாலும் நம்பிவிட முடியாது. நீடில் பேரிங் (ஊசி உருளை பேரிங்) ஓடும் க்ராங்க் பின்னில் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருப்பது பிரஸ்ஸில் வைத்துப் பிரித்தால்தான் தெரியும். ராடின் கீழ்க்கண் (க்ராங்கில் மாட்டும் வளையம்) சூட்டில் நீலம் பாரித்திருந்தால் பிரிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

கம்பெனி எஞ்சின் 7,500 ஆர்பிஎம்மில் 11 பிஎச்பி தரும். 10,000 வரை முறுக்கினால் சுற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் ராடை இழுக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும், கிட்டத்தட்ட 1.8 மடங்கு.

என் எஞ்சின் சேம்பர் மாட்டிய இரண்டாவது வாரம், அவிநாசி ரோட்டில், மூன்றாவது கியரில் போனது. பேரிங் கூண்டு நொறுங்கி, ராடு முறிந்து, க்ராங்க் கேஸைப் பிளந்துவிட்டது. எஞ்சின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கேஸில்தான். வேறு வண்டிக் கேஸை மாட்டினால் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துவராது. ஆர்கான் வெல்டிங் வைத்து, பேரிங் உட்காரும் இடத்தை லேத்தில் மறுபடி கடைந்து எடுக்க நான்கு மாதம் அலைந்தேன். ராடு கிட்டுக்குச் சேம்பர் விலையில் பாதிகூட ஆகியிருக்காது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதே கஞ்சத்தனத்தோடு ஒரு பையன் வந்து நிற்கும்போது இன்னும் எரிகிறது.

ராடு, பின், பேரிங், வாஷர் எல்லாம் சேர்ந்த கிட்டாகவே மாற்றுங்கள். க்ராங்க் வெயிட் (பின்னைப் பிடித்திருக்கும் இரு பக்க வட்டு) பழையதே இருக்கலாம். ஆனால் முன்பே இரண்டு மூன்று தடவை ராடு மாற்றியது என்றால் பின் துளை தளர்ந்திருக்கும். முறுக்கும்போது பின் நழுவி க்ராங்க் கோணிக்கொள்ளும். வேலை முடிந்ததும் டயல் கேஜ் வைத்து, க்ராங்க் சுற்றும்போது வரும் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். கண்ணளவில் தட்டி நேராக்குபவரிடம் கொடுக்காதீர்கள்.

க்ராங்க் ஆயில் சீல்

க்ராங்கின் இரு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் இது. டூ ஸ்ட்ரோக்கில் கலவையை சிலிண்டருக்குத் தள்ளும் பம்பு க்ராங்க் கேஸேதான். காய்ந்த சீல் மேக்னட் பக்கம் காற்றை இழுத்தால் பெட்ரோல் கலவை மெலிந்து புது பிஸ்டன் ஜாம் ஆகும். பையன்கள் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கிளட்ச் பக்கம் விட்டால் கியர் ஆயில் புகையாகப் போகும். இரண்டையும் மாற்றுங்கள்.

தேய்ந்த போரில் புது ரிங்

வேண்டாம். போரிங் போடுங்கள்.

பிஸ்டன் பின் சர்க்ளிப்

பிஸ்டன் பின் வெளியே நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம். ஒருமுறை கழற்றியது குப்பைக்கு.

கியரும் கிளட்ச்சும்

இங்கே பழையதற்கு நான் எதிரியில்லை. கியரில் டாக் (பக்கத்துக் கியரோடு கோத்துக்கொள்ளும் பல்) முனை மழுங்காமல் இருந்தால் அதுவே போதும். கிளட்ச் ஹப்பில் பிளேட் பதிந்த பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.